சிவப்புக் கோட்டு மாப்பிள்ளை

“அதோ பாரு, சிவப்புக் கோட்டு போட்டுக்கிட்டு சர்ருனு இறங்கி வர்றாரே, அவர்தான் நம்ம மாப்பிள்ளை!”

ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் கையை நீட்டிய திசையில் மனைவி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பனிச்சரிவில் சிவப்புக் கோட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாருமே பனிச்சறுக்குப் பயிற்சியாளர்கள். எல்லாருக்கும் ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, மூக்குவரை மூடிய துணி.

“எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? மூக்குகூடத் தெரியலையே!”

“உயரத்தைப் பாரு. நிக்கிற தோரணையைப் பாரு. முப்பத்தஞ்சு வருஷம் ஆபீஸ்ல ஆளோட முகத்தைப் பாத்தே ஃபைலைப் படிச்சவன்டி நான்.”

இங்கே முகமே இல்லையே என்று கேட்க வாயெடுத்தாள் அவள். கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

வெளிநாட்டில் இருக்கும் மூத்த மகள் வீட்டுக்கு வந்த சாக்கில், சின்ன மகளுக்குப் பார்த்திருக்கும் பையனை வேவு பார்க்க இருவரும் பஸ் ஏறி இந்தப் பனிமலை விடுதிக்கு வந்திருந்தார்கள். பையன் குளிர்காலம் நாலு மாதமும் இங்கேதான் வேலை பார்க்கிறான், பெரிய பெரிய புள்ளிகளெல்லாம் அவன் கையைப் பிடித்துத்தான் சறுக்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்று தரகர் அளந்திருந்தார். மதியத்துக்குள் சம்மதமா இல்லையா என்று அவருக்குப் போன் செய்தாக வேண்டும்.

வீடியோ காலில் பார்த்த முகத்தைப் பையன் அடையாளம் கண்டுவிடக் கூடாதே என்று தலைமை எழுத்தர் குல்லாவைப் புருவம்வரை இழுத்துவிட்டு, மப்ளரை நாலு சுற்றுச் சுற்றியிருந்தார். பார்க்கிறவர்களுக்கு அவர்தான் ஏதோ திருட வந்தவர் மாதிரி இருந்தார்.

டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் ஒரு கரடி கையாட்டிக்கொண்டு நின்றது. ஆள் உள்ளே புகுந்து ஆடுகிற பஞ்சுக் கரடி. ‘நான் பேச மாட்டேன், கட்டிப்பிடிப்பேன்’ என்று அந்த ஊர் பாஷையிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை அதன் கழுத்தில் தொங்கியது.

மனைவி அதோடு போட்டோ எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். தலைமை எழுத்தர் போனைத் தூக்கிப் பிடித்தார். கரடி அவள் தோளில் கை போட்டது.

“ஐயோ, கையை எடுக்கச் சொல்லுங்க. சால்வையெல்லாம் ஈரம்!”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் கரடி கையை எடுத்துவிட்டது.

“பாத்தியா? நான் முறைச்ச முறைப்புலேயே புரிஞ்சுக்கிச்சு” என்றார் பெருமையாக.

இருவரும் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மனைவிக்கு மனசு கேட்கவில்லை. “நம்ம பொண்ணு பேங்க் ஆபீசர்னு சொல்லி வெச்சிருக்கோமே...” என்று ஆரம்பித்தவள், கரடியைப் பார்த்துக் குரலைத் தணித்தாள்.

“அதுக்கு என்ன புரியப்போகுது? நீ தாராளமா பேசு.”

“பேங்க் வேலையை விட்டே ஒரு வருஷம் ஆச்சு. நாய்க்கு முடி வெட்டுறா, குளிப்பாட்டுறா, நகம் வெட்டுறா. அவளும் சந்தோஷமாத்தானே செய்யறா? உள்ளதைச் சொல்லிடலாமே.”

“சொல்லிட்டு? பெரிய ஆளுங்களுக்கே சறுக்கக் கத்துக்கொடுக்கிற பையன், நாய்க்குத் தலை சீவுற பொண்ணைக் கட்டுவானா? மூணு இடம் தட்டிப்போச்சு. ஒவ்வொரு தடவையும் அவ ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறா.”

அவர் மப்ளரால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். குளிர் ஒரு சாக்குத்தான். சின்னவள் மேல் அவருக்கு உயிர்.

“தாலி ஏறட்டும், அப்புறம் மெல்ல சொல்லிக்கலாம். ஊர்ல எல்லாரும் கொஞ்சம் மெருகு ஏத்தித்தான் சொல்றாங்க. மாப்பிள்ளை வீட்டுல மாதிரி எல்லாமே உண்மையா இருந்துட முடியுமா?”

கரடி கையாட்டுவதை நிறுத்திவிட்டு நின்றது. காலையிலிருந்து ஆட்டுகிறதே, அதற்கும் கை வலிக்காதா என்று மனைவி பாவப்பட்டாள்.

அப்போது அந்த உயரமான சிவப்புக் கோட்டு இவர்கள் பக்கமே வந்தது. தலைமை எழுத்தர் வேவு பார்க்க வந்ததையே மறந்து சட்டென்று எழுந்தார். குல்லாவைக் கழற்றலாமா, கும்பிடலாமா என்று கைகள் அல்லாடின.

சிவப்புக் கோட்டு ஹெல்மெட்டைக் கழற்றித் தலையை உதறியது. பொன்னிறத்தில் ஒரு ஜடை இடுப்புவரை வந்து விழுந்தது. அந்தப் பெண்மணி கரடியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, காபி குடிக்க உள்ளே போனாள்.

“ஏங்க... மாப்பிள்ளைக்கு ஜடை இருக்கு!”

தலைமை எழுத்தர் பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தார். “அப்ப நம்ம மாப்பிள்ளை எங்கடி?”

கரடி இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது. குழந்தைகள் யாரும் அருகில் இல்லை. மெல்லக் குனிந்து, அவருடைய குல்லாவோடு தன் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு கிசுகிசுத்தது.

“மாமா, கல்யாணத்துக்கு முன்னாடி உங்க பொண்ணை எனக்கும் கொஞ்சம் முடி வெட்டிவிடச் சொல்லுங்க.”