முக்கால் மணி நேரம்

இரண்டு கழிவறைகளையும் பளிச்சென்று கழுவிவிட்டு, வழக்கம்போல் பாதி வேலையில் வெளியே போன தமயந்தி, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள். வீட்டம்மா சாய்லக்ஷ்மி வாசலிலேயே கையை நீட்டி மறித்தாள்.

"தினமும் வேலையைப் போட்டுட்டு எங்கே போறே? வேற வீட்டுலயும் பெருக்கறியா?"

"இல்லீங்கக்கா."

"பொய் சொல்லாதே! பத்து நிமிஷமா இருந்தது, இன்னிக்கு முக்கால் மணி ஆயிடுத்து. வந்தா வேலையை முடிச்சுட்டுப் போகணும்னு எதிர்பார்க்கறது தப்பா?"

தமயந்தி தலைகுனிந்தாள்.

"பஸ் ஸ்டாண்டு கக்கூசுக்குத்தாங்க்கா போய்ட்டு வரேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டம், கியூ நின்னுகினு இருக்குது. இங்க கழுவ மட்டுந்தான், போகக் கூடாதுன்னு மொத நாளே நீங்க சொன்னீங்களே."

இரண்டு வருஷத்துக்கு முன் சொன்னது. சாய்லக்ஷ்மி அதை மறந்தே போயிருந்தாள்.

மறித்த கையை மெல்ல இறக்கினாள். தமயந்தியின் முகத்தைப் பார்க்கக் கூசியது.