பிரிக்காத கவர்

கணக்கு வாத்தியார் கையை வீசிக்கொண்டு போட்டி மண்டபத்துக்குள் வந்தார். நேற்று அவரைப் பார்த்தவர்கள் யாரோ வீடு மாறிப் போகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். முதுகுக்குத் தலையணை, தோளில் ஃபிளாஸ்க், டப்பாவில் பழத்துண்டு, பையில் மூன்று பேனா. இன்று சட்டைப்பையில் ஒரு பேனாகூட இல்லை.

அவரோடு ஆட வேண்டிய பார்சல்காரர் அந்த வெறுங்கையையே பார்த்தார். "பாத்தியா? அஞ்சே நிமிஷத்துல என்னை முடிச்சுடலாம்னு வந்திருக்கார்," என்று மனைவியிடம் முணுமுணுத்தார்.

"அவரு எப்படி வந்தா உங்களுக்கென்ன? நீங்க போய் உக்காருங்க."

சதுரங்கப் போட்டியின் கடைசி ஆட்டம் அது. ஜெயிக்கிறவருக்கு விளையாட்டு வாரியத்தில் பயிற்சியாளர் வேலை, நிரந்தரமாக. நாற்பதைத் தாண்டியவர்களை எடுக்க மாட்டார்கள். பார்சல்காரர் அடுத்த மாதம் தாண்டுகிறார். தோற்றால் நாளைக் காலை பழையபடி பார்சல் குடோன், வீணாய்ப்போன இடுப்போடு பழையபடி பெட்டி தூக்கல். அந்த இடுப்புக்குப் பத்து வருஷமாகத் தைலம் தேய்க்கிறவள் மனைவி. அவளுக்கும் கை ஓய்ந்துவிட்டது.

நேற்று மாலை நேரம் முடிந்தும் ஆட்டம் முடியவில்லை. பாதியில் நின்றால் இந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்து ஆட வேண்டியவர் காயைத் தொடாமல், தன் நகர்வைத் தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் நடுவர் அதைப் பிரித்து, எழுதியதை எழுதியபடியே பலகையில் ஆடுவார். அடித்தல் திருத்தல் கிடையாது. நேற்று எழுதிக் கொடுத்தவர் வாத்தியார்.

காலையில் எழுந்ததுமே பார்சல்காரர் சமையல் மேடையில் பலகையை விரித்து எல்லா வழியையும் பார்த்துவிட்டார். வாத்தியார் யானையை ஒரு கட்டம் பக்கவாட்டில் நகர்த்தினால் போதும், கதை கந்தல். பள்ளிக்கூடப் பிள்ளைகூட விடாத நகர்வு. வாத்தியார் விடுவாரா?

"கவரப் பிரிக்கவே விடக்கூடாது," என்று வரும் வழியில் பஸ்ஸில் சொன்னார். பழைய ஆட்டக்காரர்களின் கதைகள் என்றால் அவருக்கு உயிர். "அந்தக் காலத்துல பெரிய ஆளுங்கல்லாம் அப்படித்தான். தோல்வி தெரிஞ்சா, கவரப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே கை குடுத்துட்டுப் போயிடுவாங்க. சில பேர் வரக்கூட மாட்டாங்க, ஒரு கடுதாசியோட சரி. ஊரே வேடிக்கை பாக்க, கடைசி வரைக்கும் உக்காந்து அடி வாங்குறது அசிங்கம்."

"உங்க கௌரவத்த அடுப்புல ஏத்தினா வேகுமா?" என்றாள் மனைவி. "மொதல்ல கவரப் பிரிக்கட்டும். அதுவரைக்கும் வாயத் திறக்காதீங்க. எனக்காக."

தலையை ஆட்டினார். ஆட்டுவதில் குறைச்சல் இல்லை. ஆனால் இந்த மனிதருக்கு அழகாகத் தோற்பதில் ஒரு சபலம் உண்டு. என்றோ ஒரு பத்திரிகை 'தோல்வியிலும் பெருந்தன்மை' என்று தலைப்புக் கொடுத்து அவர் படத்தைப் போட்டுத் தொலைத்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். அங்கே இருந்த கல்யாணப் படம் உள் அறைக்குப் போய்விட்டது.

நடுவர் கவரை மேஜைமேல் வைத்தார். வாத்தியார் உட்காரவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்கள் சிவந்திருந்தன. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

ஆறுதல் சொல்லப் போகிறார் என்று பார்சல்காரருக்குப் பட்டது. அதைமட்டும் அவரால் தாங்க முடியாது.

"சார், கவரெல்லாம் வேண்டாம்," என்று அவசரமாகக் கையை நீட்டினார். "நான் தோல்விய ஒத்துக்கறேன். பிரமாதமா ஆடினீங்க."

கூட்டம் கைதட்டியது. "இப்படித் தோக்கறதுக்கும் ஒரு மனசு வேணும்யா," என்றார் பின்வரிசையில் ஒருவர். பார்சல்காரருக்கு உள்ளுக்குள் இனித்தது. வாசலில் நின்ற மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாத்தியார் நீட்டிய கையைப் பார்த்தார். நடுவரைப் பார்த்தார். பிறகு கையைப் பிடித்துக் குலுக்கினார். நடுவரிடமே பேனா இரவல் வாங்கி முடிவுத்தாளில் கையெழுத்துப் போட்டார். பார்சல்காரரும் நிறுத்தி நிதானமாகப் போட்டார்.

"அந்தக் கவர எங்கிட்டயே குடுத்துடுங்க," என்றார் வாத்தியார்.

"ஒரு நிமிஷம் சார். என்னை ஜெயிச்ச நகர்வ நானும் பாத்துக்கறேன். நாளைக்கு நாலு பேருக்குச் சொல்லலாமே," என்று பெரிய மனது பண்ணிக் கவரைக் கிழித்தார் பார்சல்காரர்.

யானை நகர்வுதான் எழுதியிருந்தது. தாளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். யானைக்கென்று தாளில் எழுதியிருந்த கட்டத்தில் வாத்தியாரின் சொந்தச் சிப்பாயே நின்றுகொண்டிருந்தது.

"சார்... இங்க எப்படிப் போகும்?"

நடுவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மூன்று தரம் படித்தார். "போகாதே! அவசரத்துல கட்டத்த மாத்தி எழுதியிருக்கார். செல்லாத நகர்வ எழுதி ஒட்டினா, எழுதினவருக்குத்தான் தோல்வி. ஆனா நீங்கதான் கையெழுத்துப் போட்டுட்டீங்களே..."

பார்சல்காரர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"தோத்துட்டேன்னு சொல்லத்தான் வந்தேன்... நீங்க முந்திக்கிட்டீங்க."