ஆண்டவரின் கை

ஆலயச் சுவரில் பாதி முடிந்திருந்த படத்தைப் பார்த்ததும், அன்றுதான் மாற்றலாகி வந்த பாதிரியார் முகம் சுளித்தார்.

"ஏம்ப்பா, ஆண்டவர் கை ஆசீர்வதிக்கணும். விரலைக் குவிச்சு வாய்கிட்ட வெச்சிருக்காரே! அழிச்சிட்டு மாத்தி வரை."

ஓவியன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாதிரியாருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"இவ்வளவு திமிரா?"

வண்ணம் குழைத்துக்கொண்டிருந்த அவன் அக்கா பதறி எழுந்தாள்.

"திமிரெல்லாம் இல்லீங்க ஃபாதர். தம்பிக்குப் பிறவியிலேயே காது கேக்காது. எங்கம்மா இப்படிக் கை காட்டித்தான் 'சாப்பிட்டியா?'ன்னு கேப்பாங்க. கடவுளும் அதைத்தான் முதல்ல கேப்பாருன்னு நம்புறான்."

பாதிரியார் மறுபடி நிமிர்ந்து பார்த்தார். தானே சமைத்துத் தனியாகவே சாப்பிடும் அவரை யாரும் அப்படிக் கேட்டுப் பல வருடங்களாகிவிட்டன.

"இன்னும் இல்ல, ஆண்டவரே" என்றார் மெல்ல.