ஒன்பதாம் பக்கம்

“என்னம்மா, மணி அஞ்சரை ஆகலை, அதுக்குள்ள பையைத் தூக்கிட்டே? அப்படி என்ன தலை போற வேலை?”

மேனேஜர் வாசலிலேயே வழியை மறித்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்சல் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க்காக ஆறு வருடம் மாரடித்தவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“கிளாஸ் இருக்கு சார். செவ்வாய்க்கிழமை போகலை, நேத்தும் போகலை. இன்னைக்கும் போகலேன்னா…”

“என்ன கிளாஸ்? தையலா, சமையலா?” தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டார். “ஹெட் ஆபீஸுக்கு நாளைக்குக் காலையில ரிப்போர்ட் போயாகணும். முடிச்சுக் குடுத்துட்டு எங்கே வேணும்னாலும் போ.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில் முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருந்தார்கள். ‘நீங்க படிச்சது வரலாறு. கணக்கு வாசனையே இல்லை. ஸ்டாடிஸ்டிக்ஸ்ல ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க, பாக்கலாம்.’ அதற்காகத்தான் இந்த மாலை வகுப்பு. வகுப்பு முடிய ஒரே நாள்தான் பாக்கி. விண்ணப்பத்துக்குத் திங்கட்கிழமை கடைசித் தேதி. எம்.பி.ஏ. விஷயம் மேனேஜருக்குத் தெரிந்தால் முட்டுக்கட்டை போடுவார் என்று அதைப் பற்றி மட்டும் அவள் மூச்சுவிடவில்லை.

பெரிய மனுஷனாம்! காலையில் பதினோரு மணிக்கு முன்னால் ஆபீஸ் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டார். கேட்டால், ‘கஸ்டமரைப் பார்க்கப் போனேன்.’ சாயங்காலம் ஆனால் மட்டும் கடமை உணர்ச்சி பொத்துக்கொண்டு வந்துவிடும்.

“பதினாறு பக்கம்ணே!” என்று பேக்கிங் அண்ணனிடம் பொருமினாள். “முதுகு ஒடிய எழுதுறது நானு, நல்ல பேரு வாங்குறது அவரு. ஒரு பக்கத்தைப் புரட்டிக்கூடப் பாக்க மாட்டாரு.”

“வாயைத் திறந்து மூஞ்சிக்கு நேரா கேளேம்மா.”

“கேட்டா வேலை போயிடும்ணே.”

கேட்க முடியாததை எங்கேயாவது கொட்டினால்தான் ஆத்திரம் அடங்கும் போலிருந்தது. ஒன்பதாம் பக்கத்தின் நடுவில், இரண்டு அட்டவணைகளுக்கு இடையில், படபடவென்று ஒரு வரியைத் தட்டினாள். ஏழரை மணிக்கு மேனேஜர் ரிப்போர்ட்டை வாங்கி, பார்சலை எடை பார்ப்பது போல் கையில் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் மாலை அவள் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போல் வகுப்புக்கு ஓடினாள்.

“வாங்க, வாங்க! மூணு நாள் கழிச்சு இப்பதான் வழி தெரிஞ்சுதா?” என்றார் ஆசிரியர். “சரி, அசைன்மென்ட் எங்கே?”

“என்ன அசைன்மென்ட் சார்?”

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

“செவ்வாய்க்கிழமை குடுத்தேன். இன்னைக்குத்தான் கடைசி. அது இல்லேன்னா சர்டிபிகேட் கிடையாது.”

“சார், ஆபீஸ்ல மேனேஜர் விடவே இல்லை சார். திங்கக்கிழமை நான் அப்ளிகேஷன் போடணும். ரெண்டே ரெண்டு நாள் குடுங்க…”

“சாக்கு சொல்லாதீங்க! ஒரு டெஸ்பாட்ச் கிளார்க்குக்கு அப்படி என்ன வேலை?” அவர் ஒரு கட்டுக் காகிதத்தை அவள் மேஜை மேல் தொப்பென்று போட்டார். “காலை பேட்ச்ல ஒருத்தர். உங்களைவிடப் பெரிய பதவி. அவரும் எம்.பி.ஏ.வுக்குத்தான் போறாரு. அவருக்கு மட்டும் எப்படி நேரம் கிடைச்சுது? தொண்ணூத்தஞ்சு மார்க் போட்டிருக்கேன். பாத்துக் கத்துக்குங்க!”

அவமானத்தில் கண் கலங்க அதை எடுத்தாள். முதல் பக்கத்திலேயே அவள் கை நின்றது. பிறகு விறுவிறுவென்று புரட்டினாள். வந்த அழுகை போன இடம் தெரியவில்லை.

“சார், இதை முழுசாப் படிச்சீங்களா?”

“என்ன கேள்வி இது? ஒரு வரி விடாம படிச்சேன்!”

“அப்படின்னா ஒன்பதாம் பக்கத்துல நடுவுல இருக்குற வரியை எல்லாருக்கும் கேக்குற மாதிரி இன்னொரு தடவை படிங்க சார்.”

ஆசிரியர் அலட்சியமாக வாங்கி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரக்கப் படித்தார்:

“‘என்னை மூன்று நாள் வகுப்புக்குப் போகவிடாமல் உட்காரவைத்து எழுதவைத்த இந்த ரிப்போர்ட்டை எங்கள் மேனேஜர் ஒரு வரிகூடப் படிக்க மாட்டார் என்று பந்தயம் கட்டுகிறேன், இப்படிக்கு, வயிறெரிந்து எழுதிய டெஸ்பாட்ச் கிளார்க்.’”