கடைசிப் பதினொரு பக்கம்

ஒரு லைப்ரரி சுவத்துல ஒரு பல்லி இருந்துச்சு. கீழ மேசையில ஒரு மர்ம நாவல் திறந்தே கெடந்துச்சு. ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல வார்டனைக் கொன்னது யாருங்கிற கதை. பல்லியால பக்கம் திருப்ப முடியுமா? ஃபேன் காத்துல அதுவா புரண்டாத்தான் உண்டு. அப்படியே மூணு மாசம் சுவத்துல ஒட்டிக்கிட்டுப் படிச்சுது. கொலைகாரன் மாட்டப்போற நேரம் பாத்து ஒரு பக்கம் புரண்டுச்சு. அடுத்து வெறும் பின்னட்டை! கடைசிப் பதினொரு பக்கத்தைக் காணோம்.

"முடிவு படுமோசம்ப்பா"ன்னு மேசைக்கு அடியிலேர்ந்து எலி ஏப்பம் விட்டுச்சு. "தொண்டையில எறங்கவே இல்ல."

பல்லிக்கு வால் துடிச்சுது. "அடப்பாவி, தின்னது நீதானா? வார்டனைக் கொன்னது யாரு? அதையாவது சொல்லித் தொலை!"

"எனக்கெப்படித் தெரியும்? நான் மென்னேன், முழுங்குனேன்."

"ஒரு வரி படிக்கல, அதுக்குள்ள மோசம்னு தீர்ப்பு வேறயா? வெக்கமா இல்ல? உன்னை மாதிரி ஆளுங்களாலதான் நல்ல புக்கெல்லாம் நாசமாப் போவுது!"

கத்துன கத்துல வாலே கழண்டு மேசையில விழுந்து துள்ளுச்சு.

சத்தம் கேட்டு அட்டைக்குள்ளேர்ந்து கரப்பான் மீசையை நீட்டுச்சு. "அருமையான புக்கு பல்லியண்ணே! அட்டைப் பசை மட்டும்தான் நக்கியிருக்கேன். உள்ள கதை எப்படி?"

"தண்டம்! முடிவு படுமோசம்!"

"அதத்தானப்பா நானும் சொன்னேன்"னுச்சு எலி.