மாதிரிக் கையெழுத்து

புது மருந்துச் சோதனைக்கான சம்மதப் படிவத்தின் பதினான்கு பக்கங்களிலும் அருளப்பன் கையெழுத்துப் போட்டு முடித்தார். பெரியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து. பிள்ளைகளுக்கு இப்போதுதான் முதல்முறை. வேறு எந்த மருந்துக்கும் மகள் ஜெசிந்தாவின் புற்றுக்கட்டி மசியவில்லை. கடைசித் தாளில் அவளும் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும் என்றார் வார்டு நர்ஸ் சிஸ்டர். பதிமூன்று வயதுக்காரிக்குக் கையெழுத்து என்று ஒன்று இதுவரை இல்லை.

"எப்படிப்பா போடணும்? உங்களது மாதிரி கோழி கிளறினதா வேண்டாம்."

"லேசா ஒண்ணு பழகிக்கம்மா. ஒருதடவை போட்டா ஆயுசுக்கும் அதான்," என்றவர் சட்டென்று பேனாவை அவளிடம் நீட்டினார்.

ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் இருபது முறையாவது போட்டுப் பார்த்தாள். ஊசி குத்தியிருந்த கையால் ஒன்றுபோல் ஒன்று வரவில்லை. கடைசியாக வந்த, வால் சுழித்த ஒன்று பிடித்துப்போக, அதையே தாளிலும் போட்டாள்.

"பதினெட்டு முடிஞ்சதும் பெரியவங்க ஃபாரத்துல மறுபடி கையெழுத்து வாங்குவோம் பாப்பா. இதே மாதிரி இருக்கணும்," என்று சொல்லிவிட்டு சிஸ்டர் தாள்களோடு போனார்.

ஜெசிந்தா, வால் சுழித்த கையெழுத்து இருந்த மூலையை மட்டும் உறையிலிருந்து கிழித்து நீட்டினாள்.

"எனக்கு மறந்துபோயிடும். நீங்க பத்திரமா வச்சிருங்கப்பா."

சட்டையில் இருந்தது ஒரே பைதான். அவளுக்குப் பதினெட்டு முடியும்வரை எங்கே பத்திரமாக வைப்பதென்று தெரியாமல், அருளப்பன் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.