மல்லிக்குப் போட்ட சட்டை

மூடுபனிக்குள்ளிருந்து அந்த நாய்கள் வந்தபோது ஒரு சத்தமும் இல்லை.

நான் வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தேன். தை பிறந்தும் பனி விட்டபாடில்லை. வாய்க்கால் எது, வரப்பு எது என்று தெரியவில்லை. அறுக்க ஆளில்லாமல் சாய்ந்து கிடந்த சம்பா வயல் அப்படியே வெளுத்துப்போய் வானத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பார்த்தால் எங்கள் ஊரில் சண்டை, சச்சரவு எதுவுமே இல்லை என்றுதான் தோன்றும்.

மல்லி வேலியோரமாக நின்று எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

மல்லி எங்கள் ஆட்டுக்குட்டி. ஈன்ற மறுநாளே தாய் செத்துப்போனது. பாலில் துணியை நனைத்துச் சப்பக் கொடுத்து வளர்த்தேன். பிள்ளையில்லாத வீட்டில் அவள்தான் பிள்ளை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் படுப்பாள். பாயை நனைத்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி முழிக்கிற முழி இருக்கிறதே, அடிக்கக் கை ஓங்கினாலும் சிரிப்புத்தான் வரும்.

அன்றைக்கு விடியும்போதே வெடவெடவென்று நடுங்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை. கொடியில் கிடந்த என் வீட்டுக்காரர் சட்டையை எடுத்து, அதன் இரண்டு கைகளிலும் அவளுடைய முன்னங்கால்களை நுழைத்துப் பொத்தானும் போட்டுவிட்டேன். பச்சைக் கட்டம் போட்ட சட்டை. முந்தின நாள் அவர் போட்டுக் கழற்றியது.

அவரிடம் நல்ல சட்டை என்று இருந்தது அது ஒன்றுதான். அதைப் போட்டுக்கொண்டு, விடிந்ததும் வரப்பு வழியாக நடந்து, பாபநாசத்துக்கு பஸ் ஏறவேண்டும். கூலித் தகராறு பற்றிப் பேச தாசில்தார் கூப்பிட்டிருந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் பேசப் போகிறவர் என் வீட்டுக்காரர் தங்கையன்தான்.

அவர் எழுந்திருப்பதற்குள் கழற்றிவிடலாம், உதறினால் ஆட்டு வாடை போய்விடும் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அப்போதுதான் நாய்கள் வந்தன.

பக்கத்துப் பண்ணை நாய்கள். எங்கள் குடிசை இருக்கிற மனைக்கு சர்க்கார் பட்டா கொடுத்ததிலிருந்து பண்ணைக்காரர் எங்களுக்கு அண்டை வீட்டுக்காரர் ஆகிவிட்டார். அவருக்கு அது பொறுக்கவில்லை. கார்த்திகையில் சங்கம் கூலியை உயர்த்தக் கேட்டதும் எங்கிருந்தோ இந்த நாய்களைப் பிடித்துக்கொண்டு வந்தார். நெல்லுக்குக் காவல் என்றார்கள். நாங்களும் நம்பினோம். நெல் தின்கிற எலியைப் பிடிக்கவா என்று தெருவில் கேலி பேசிக்கொண்டோம்.

அவை குரைக்கவில்லை. காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அடுத்த குடிசைப் பூவம்மாளின் ஆடுகள் வழியில் நின்றன. அவற்றைத் தாண்டி வந்தன. கோழிகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே மல்லியிடம் போயின.

கனவில் கத்துவோமே, வாய் திறந்திருக்கும், சத்தம் வராது. அப்படி நின்றேன்.

அப்புறம் சாணிச் சட்டியைத் தூக்கி வீசினேன். துடைப்பத்தால் அடித்தேன். அவை என் பக்கம் திரும்பவேயில்லை. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தன, சட்டைக் கையைக் கிழித்தன, பொத்தான்கள் தெறித்தன. மல்லி ஒரே ஒரு தரம் கத்தினாள். அம்மா என்று என்னைக் கூப்பிட்டதாகத்தான் எனக்குக் கேட்டது.

களத்துப் பக்கமிருந்து ரெத்தினம் ஓடி வந்தான். பண்ணையில் நாய்களைப் பார்த்துக்கொள்கிறவன். எங்கள் தெருக்காரன்தான், என்னை அக்கா என்பான். கையில் ஒரு துணியை வைத்து ஆட்டிக்கொண்டே நாக்கைச் சொடுக்கினான்.

நாய்கள் மல்லியை விட்டுவிட்டு அந்தத் துணி மேல் பாய்ந்தன.

நான் அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டேன். தொடையில் பல் பட்டு ரத்தம் வந்துகொண்டிருந்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன், படபடவென்று அடித்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"மாமா எங்கக்கா?" என்றான் ரெத்தினம்.

குட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் உதடு வெளுத்திருந்தது.

"உள்ள தூங்குறாரு."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நாய்கள் அவன் கையிலிருந்த துணியை விடாமல் குதறிக்கொண்டிருந்தன. அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். அதுவும் பச்சைக் கட்டம்.

தீபாவளிக்கு ஒரே துணியில் அவருக்கு இரண்டு சட்டை தைத்தோம். களை பறிக்கும்போது வரப்பில் கழற்றி வைத்த ஒன்று காணாமல் போயிற்று. காற்றில் பறந்து வாய்க்காலோடு போயிருக்கும் என்றார். ஒரு சட்டையைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லையா என்று நான் அவரைப் பிடி பிடியென்று பிடித்தேன்.

வாய்க்கால் கொண்டுபோகவில்லை. இத்தனை நாளும் அதை மோப்பம் காட்டித்தான் நாய்களைப் பழக்கியிருக்கிறார்கள்.

ரெத்தினம் என் முகத்தைப் பார்க்காமலே எழுந்து நாய்களை ஓட்டிக்கொண்டு போனான். பனி மூடிக்கொண்டது. வாசலில் யாரும் வந்துபோன மாதிரியே இல்லை.

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெறும் உடம்போடு வெளியே வந்தார். மல்லியைப் பார்த்துப் பதறிப்போய்ப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவளுடைய காலை மெல்ல நீட்டி மடக்கிப் பார்த்தார். எலும்பு முறியவில்லை, மஞ்சள் வைத்தால் ஆறிவிடும் என்றார். அப்புறம்தான் அவள் மேல் தொங்கிய கந்தல் அவர் கண்ணில் பட்டது.

நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். நிறுத்த முடியவில்லை.

அவர் என் தலையில் கை வைத்தார்.

"பைத்தியம், ஒரு சட்டைக்குப் போயா இப்புடி அழுவுற?"